ஓர் அரசு மருத்துவமனையில் பதிந்தது இன்னொன்றில் ஏன் தெரிவதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் உங்கள் அப்பா, ஆறு ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கி வருகிறார். கால் வீங்கியபோது தாலுகா மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் சோதித்து, எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய சீட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். கையில் இல்லை என்றதும் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து நடந்திருக்கிறது. மூன்று இடங்களிலும் கணினிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டுதான் இருந்தார், ஆபா என்ற சுகாதார அடையாள எண்ணும் எடுத்து வைத்திருந்தோம், பிறகு ஏன் ஓர் இடத்தில் ஏற்றியது இன்னோர் இடத்தில் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இது ஊழியர்களின் அலட்சியமா அல்லது ஏற்பாடே இப்படித்தானா, அடுத்த முறை நாம் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் பொது மருத்துவன். 27 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தேன். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு ஆண்டுகளும், தாலுகா மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டுகளும், மீதிக் காலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கழிந்தன. அந்தக் கடைசிப் பகுதியில் கணினிப் பதிவுகளுக்கான பொறுப்பு மருத்துவராகவும் சில ஆண்டுகள் இருந்தேன். மென்பொருள் எழுதத் தெரிந்தவன் அல்லன். தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்குள் வேலை செய்ததும் இல்லை. திருப்பூர், கோவைத் தொழிலாளர்களுக்கு அது பெரிய விஷயம் என்றாலும் அதை இங்கே விட்டுவிடுகிறேன். மற்றதில், என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அலட்சியம் அங்கங்கே இருக்கலாம், ஆனால் உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததற்கு அது காரணம் இல்லை. அந்தக் கணினிப் பதிவுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு மேலதிகாரிக்குக் கணக்கு அனுப்புவதற்காக ஏற்பட்டவை. நோயாளி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது அவர் கூடவே போக வேண்டும் என்று அவற்றில் எதையும் யாரும் முதலில் யோசித்துக் கட்டவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'அரசு மருத்துவமனை' என்பது ஒரே நிறுவனம். உள்ளே அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்து இயக்குநரகத்தின் கீழும், தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழும், கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழும் வருகின்றன. உங்கள் அப்பா ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் மூன்று இயக்குநரகங்களைக் கடந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி அறிக்கை, மென்பொருளைப் பற்றித் தனி முடிவு. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டபோது, அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடமே கல்லூரி மருத்துவமனையாகி ஓர் இயக்குநரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. கட்டடமும் நோயாளியும் அதே. மேலே அறிக்கை போகும் வழி மட்டும் வேறு.

இதன் மேல் திட்டங்கள் வந்து உட்காருகின்றன. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்ற பதிவுத்தளம். காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய். தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஒரு தளம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஒரு செயலி, அதே சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு மத்திய அரசின் இன்னொரு தளம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு, சிகிச்சைக்கு முன்னனுமதி வாங்குவதற்கென்று தனித்தளம். 2023 ஜூலையில் அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியதும் அதற்கும் ஒன்று. நீலகிரியிலும் சத்தியமங்கலம் மலைகளிலும் பழங்குடி மக்களிடையே வேலை செய்பவர்களுக்கு அது கூடுதல். ஒவ்வொரு திட்டத்துக்கும் நியாயம் இருக்கிறது, ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் இவை எல்லாம் கடைசியில் வந்து சேருவது ஒரே கிராம சுகாதார செவிலியரின் மடியில். பகல் முழுக்க வீடு வீடாக நடந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, அதே பெயரையும் அதே வயதையும் நாலைந்து செயலிகளில் இரவு ஒன்பது மணிக்கு ஏற்றிக்கொண்டிருந்த சகோதரிகளை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படிப் பிரிந்து கிடப்பதால் அலைச்சல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்த ஒரு நோயாளியைச் சொல்கிறேன். விசைத்தறித் தொழிலாளி, ஐம்பதை நெருங்கும் வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை. அவருக்குக் காசநோய் வந்து ஆறு மாதச் சிகிச்சை தொடங்கியது. காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைத்துவிடும்படி அது செய்யும். மாத்திரை வழக்கம்போல் உள்ளே போனாலும் வேலை குறையும். போதாததற்குக் காசநோயே சர்க்கரையைக் கூட்டும். அவருடைய காசநோய்ப் பதிவு நிக்ஷயில் ஒழுங்காக இருந்தது. சர்க்கரைப் பதிவு வேறொரு செயலியில், அதுவும் ஒழுங்காகவே இருந்தது. சர்க்கரை பார்த்த மருத்துவர் அளவு ஏறியிருப்பதை மட்டும் கண்டு மாத்திரையைக் கூட்டினார். அவருக்குத் தெரிந்த அளவில் அது சரியான முடிவு. ஆறு மாதம் முடிந்து காசநோய் மருந்தை நிறுத்தியதும், கூட்டிய மாத்திரை முழு பலத்தோடு வேலை செய்யத் தொடங்கியது. ஒரு நாள் காலை தறி முன்னாலேயே வியர்த்து நினைவிழந்து விழுந்தார், சர்க்கரை இறங்கி. பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு பதிவுகளும் ஒரே திரையில் தெரிந்திருந்தால், காசநோய் மருந்து முடியும் தேதியைப் பார்த்து மாத்திரையைக் குறைத்திருப்பார்கள். எந்த ஊழியரும் தவறு செய்யாமலே நடந்த விபத்து அது என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

சரி, இரண்டு கணினிகளையும் கம்பி போட்டு இணைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் இந்த விஷயத்தின் மிகக் கடினமான முடிச்சு இருக்கிறது, வெளியில் இருப்பவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. இங்கே இருக்கும் நாச்சிமுத்துவும் அங்கே இருக்கும் நாச்சிமுத்துவும் ஒரே ஆள்தானா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நம் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் ஒரே வயதில் நாலு பழனிச்சாமி, மூன்று பொன்னுசாமி, கேட்டால் எல்லாருமே ஏதாவது ஒரு பாளையம். பழனிச்சாமியை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ழகரத்துக்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட்-எச்' போடுவார். சகரத்துக்கு 'எஸ்' போடுபவரும் உண்டு, 'சி-எச்' போடுபவரும் உண்டு. நடுவில் 'டபிள்யூ' நுழைவதும், கடைசி எழுத்து 'ஐ' அல்லது 'ஒய்' ஆவதும் ஆபரேட்டரின் கைப்பழக்கம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். அதை முன்னால் போட்டால் ஒரு ஆள், பின்னால் போட்டால் இன்னொரு ஆள், அப்பா பெயரை விரித்து எழுதினால் மூன்றாவது ஆள் என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தே மாறிவிடுகிறது. வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும். மென்பொருள் தானாக ஜனவரி 1 என்று நிரப்பிக்கொள்ளும். கைபேசி எண்ணோ மகனுடையது, அது வீட்டில் ஐந்து பேருக்கும் பொது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் ஒரே பெயரும் ஏறத்தாழ ஒரே வயதும் கொண்ட இருவர் ஒரே வாரத்தில் படுத்திருந்தார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது, இன்னொருவருக்கு நன்றாக இருந்தது. லேப் அறிக்கை மாறி வந்தது. வார்டு செவிலியர் ஒருவர் அறிக்கையையும் ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'சார், இது இவருடையது இல்லை' என்றார். அந்தச் செவிலியரின் கண் இல்லாமல், இருவருடைய பதிவும் மாநிலம் முழுக்க இணைந்த ஒரு கணினியில் தவறாக ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பிழை அவர்கள் போகிற மருத்துவமனைக்கெல்லாம் பின்தொடர்ந்து போயிருக்கும். இணைக்காமல் விடுவதில் ஆபத்து இருக்கிறது. தவறாக இணைப்பதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிட்டு வருபவருக்குப் பழைய எண்ணைத் தேடுவதைவிடப் புதிதாக ஒரு எண் போடுவது ஆபரேட்டருக்கு விரைவு. பின்னால் இருநூறு பேர் நிற்கும் வரிசையில் அவரும் வேறென்ன செய்வார்? இப்படி ஒரே மனிதர் ஒரே மருத்துவமனையிலேயே ஏழெட்டு எண்ணாகச் சிதறிக் கிடப்பதை நான் பொறுப்பில் இருந்தபோது அடிக்கடி கண்டேன்.

நம்மிடமே ஓரளவு சரியாக ஓடும் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கர்ப்பிணிகளின் பிக்மி பதிவுதான் அது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட பெண் தாராபுரம் பக்கம் தாய்வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்குப் போனாலும், அவருடைய 12 இலக்க எண் அங்கே செல்லுபடியாகும். இங்கே பார்த்த ரத்த அளவை அங்கே பார்க்க வழி உண்டு. இது ஏன் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எண் கருவுற்ற தொடக்கத்திலேயே, அவசரம் எதுவும் இல்லாத நேரத்தில், அந்தப் பெண்ணை முகம் பார்த்து அறிந்த செவிலியரால் தரப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணை நம்பி இருக்கின்றன. அதனால் குடும்பமே அதைத் தொலைக்காமல் காக்கிறது. தவறாக இருந்தால் வந்து திருத்தச் சொல்கிறது. பதிவு சரியாக இருப்பதால் நோயாளிக்கு உடனடி நன்மை உண்டு என்றால் பதிவு சரியாகிறது. சர்க்கரை நோயாளியின் பதிவு சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குக் கிடைக்கும் மாத்திரை அதேதான். பிறகு யார் திருத்தச் சொல்லி வருவார்?

ஆபா எண்ணைப் பற்றிப் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது, அதனால் சற்று விளக்குகிறேன். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தரும் 14 இலக்க எண் அது. அந்த அட்டைக்குள் உங்கள் அப்பாவின் எக்கோ அறிக்கை எதுவும் இல்லை. அதை ஒரு பெட்டகம் என்று எண்ணாமல், வெவ்வேறு இடங்களில் இருக்கும் பெட்டகங்களின் மேல் ஒட்டுவதற்கான பெயர்ச்சீட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அறிக்கைகள் உண்டான மருத்துவமனையிலேயே இருக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் இன்னோர் இடத்துக்கு வரவழைக்கலாம் என்பதே அதன் அமைப்பு. அப்படி வர வேண்டுமானால், அந்த மருத்துவமனையின் மென்பொருள் இந்த வலையில் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைய வருகை அந்த எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும், முடிவுகள் காகிதத்தில் நின்றுவிடாமல் கணினியில் ஏறியிருக்க வேண்டும், கேட்கிற மருத்துவமனையும் அதே வலையில் இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் திரை காலியாகத்தான் இருக்கும். ஓ.பி. வாயிலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கும்போது போவது பெயர், வயது, முகவரி போன்ற விவரங்கள் மட்டுமே, நோய் விவரம் அல்ல. இந்த அமைப்பு சரியான திசையில் போகிறது என்றே நான் நம்புகிறேன். பெயர்ச் சிக்கலுக்கு இதுவரை வந்த வழிகளில் இதுதான் நல்ல வழி. எத்தனை ஆண்டில் தாலுகா மருத்துவமனையின் லேப் வரை முழுமையாக வந்து சேரும் என்பதில் என் கணிப்புக்குப் பெரிய மதிப்பில்லை.

எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு மாநிலம் முழுமைக்கும் ஒரே மென்பொருளைக் கொண்டுவந்தால் என்ன என்று கூட்டங்களில் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்து 2002 இல் தன் பொது மருத்துவமனைகளுக்காக அப்படி ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கி, பல நூறு கோடி பவுண்டு செலவான பிறகு, 2011 இல் அதைக் கலைப்பதாக அரசே அறிவித்தது. மேலிருந்து ஒரே அச்சில் வார்த்துத் தந்தது வார்டுகளின் வேலைமுறைக்குப் பொருந்தாமல் போனது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது. மென்பொருள் பலவாக இருக்கட்டும், அவை பரிமாறிக்கொள்ளும் மொழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இப்போது என் கருத்து. மத்திய அரசு மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை 2013 இல் வெளியிட்டு 2016 இல் திருத்தியும் தந்திருக்கிறது. ஒரு லேபில் 'எஃப்.பி.எஸ்.' என்றும் இன்னொன்றில் 'சுகர் ஃபாஸ்டிங்' என்றும் இருக்கும் ஒரே வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனைக்குப் பொதுவான குறியீடு அதில் உண்டு. டெண்டர் விடும்போதே அதைக் கட்டாயமாக்கி, எல்லாப் பதிவையும் ஒரே நாளில் இணைக்க முயலாமல், மாத்திரைப் பட்டியல், லேப் முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய மூன்றை மட்டும் முதலில் இணைத்தாலே மருத்துவரின் மேசையில் பாதிச் சிரமம் தீரும். இது என் அனுபவத்திலிருந்து எழுந்த கருத்து. மென்பொருள் வல்லுநர்கள் வேறு வரிசை சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மேலும், எல்லாமே எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று 2017 இன் சட்டம் சொல்கிறது. மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு போன்றவற்றிலும் அதே கவனம் வேண்டும். நம் ஊர்களில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் பக்கத்துத் தெருப் பையனாகவும் இருப்பார் என்பதை மறந்துவிட்டு இணைப்பைப் பற்றிப் பேசக்கூடாது.

இனி உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். 'ஏனுங்க டாக்டரு, போன வாட்டி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களே, அதுல பாருங்க' என்று எத்தனையோ பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நம்பியது நியாயம். ஆனால் துணிக்கடை மஞ்சப்பையில் பத்து ஆண்டுச் சீட்டுகளை மடித்து எடுத்துவந்த ஆத்தாக்களுக்குத்தான் நான் விரைவாகவும் சரியாகவும் வைத்தியம் பார்க்க முடிந்தது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதல் பக்கத்தில் என்னென்ன நோய், எந்த ஆண்டிலிருந்து, எந்த மருந்து ஒவ்வாது என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்பது போதாது, அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ரத்தக் கொதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். உங்கள் அப்பா அதைச் சாப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரியாது, சாப்பிட்டாலும் தானாக நிறுத்தக்கூடாது. ஆனால் கல்லூரி மருத்துவமனை மருத்துவருக்கு அந்தப் பட்டியல் முன்னாலேயே கிடைத்திருந்தால் அவருடைய முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கடைசியாகப் பார்த்த அளவையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் தேதியோடு குறித்து வையுங்கள். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது, ஓரிரு ஆண்டில் மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

உள்நோயாளியாக இருந்திருந்தால், பதிவுகளை எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். தாலுகா மருத்துவமனையில் மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாமல் எக்கோ முடிவையும் ரத்த முடிவுகளையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள். நேரம் இல்லாமல் விட்டுப் போவதுதான் அதிகம்.

அடுத்த முறை ஓ.பி. கவுண்டரில் நிற்கும்போது, ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துகளைத் துண்டுத்தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பழைய எண்ணைச் சொல்லி அதிலேயே பதியச் சொல்லுங்கள். சீட்டு அச்சாகி வந்ததும் நகர்ந்துவிடாமல், பெயர், தலைப்பெழுத்து, வயது மூன்றும் அந்தத் தாளில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நின்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்த ஒரு நிமிடம்தான் ஆகும். லேப் வரை போய்விட்டால் திருத்துவதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.